ஜன்னலுக்கு வெளியே ஒரு வணக்கம்

எழுபதுகளின் கடைசியில், ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரின் முதல் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. "புள்ளைங்களுக்கு மரியாதை கெட்டுப்பூடும்" என்றார் கணவர். எனக்கும் அதே கவலைதான்.

ஞாயிறு மாலை எங்கள் தெருவே கூடத்தில் உட்காரும். எங்கள் வயலில் ஏரோட்டும் பெரியவர் முனுசாமி மட்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். அவரை என் ஆறு வயது மகள்கூட "வாடா முனுசாமி" என்றுதான் கூப்பிடுவாள். எங்களைப் பார்த்துப் பழகியது.

அன்று டிவியில் அறிவிப்பாளர் பெண் கைகூப்பி வணக்கம் சொன்னாள். வெளியே முனுசாமியும் பதிலுக்குக் கைகூப்பினார். மகள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய், "வணக்கம், உள்ள வாங்க" என்றாள்.

"இன்னாடி இது? அவனுக்குப் போயி வணக்கம் சொல்லிக்கினு!" என்று கணவர் பாய்ந்தார்.

"டிவி அக்கா அவருக்குந்தானே சொல்லுது, நைனா?"

முனுசாமி பதறி, "கொயந்த தெரியாம சொல்லிட்ச்சு ஆண்டே" என்று நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது, உள்ளே இருந்த கணவருக்குக் கேட்காதபடி "வாங்க" என்றேன். மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஏம்மா மெதுவா சொல்ற? அந்தக்கா சத்தமாத்தானே சொல்லுது?"

டிவி பிள்ளைகளின் மரியாதையைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு இன்றும் இருப்புக் கொள்வதில்லை.