மூன்றாம் பத்து முடிவதற்குள்

பள்ளிக்கூடத்தில் எங்கள் நித்திரையை அளக்கப் போகிறார்கள் என்றதும், அளவு நாடாவோடு வருவார்களோ என்று வகுப்பே சிரித்தது. வந்தவை இரண்டு கேள்வித்தாள்கள்தான். ஒன்று பிள்ளைக்கு, மற்றது பெற்றோருக்கு. பெற்றோர் தங்கள் தாளைப் பிள்ளையிடம் கேட்காமல் நிரப்ப வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? அம்மாவின் இத்தாலியம் சந்தைக்கும் சமையலுக்கும் போதும், வாசிப்புக்கு நான்தான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அல்பெர்கேரியா என்ற பழைய நகரப் பகுதியில், சந்தைக்கு மேலே, ஓர் அறையும் குசினியுமாக எங்கள் வீடு. அப்பாவுக்கு வுச்சீரியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பின்னேரம் போனால் நான் நித்திரையான பிறகுதான் வருவார். அம்மா கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் வயதான ஓர் இத்தாலியப் பெண்மணியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எங்களுக்கு அம்மா.

மற்ற நாட்களில் போன். படுக்கும்போது நான் அதைத் தலையணையில் வைப்பேன். அங்கே அம்மாவும் வைப்பார். இருவருமாகச் செபமாலை தொடங்குவோம், பத்துப் பத்துச் செபமாக ஐந்து பத்து. நான் இடையிலேயே கண்ணயர்ந்துவிடுவேன். விடியும்வரை அழைப்பை வெட்டுவதில்லை. சிஞ்ஞோராவின் இருமல்கூட எனக்குப் பழகிப்போயிருந்தது. எங்கள் கோயிலுக்கு வரும் அம்மாமார் பலர் இப்படித்தான் பிள்ளை வளர்த்தார்கள்.

வியாழன் பின்னேரம் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்க, நான் அவருடைய தாளை வாசித்துத் தமிழில் சொன்னேன். பிள்ளை படுக்கும் அறையிலேயே நீங்களும் படுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அம்மா யோசிக்கவே இல்லை.

“ஓம். போன் இருக்குத்தானே.”

படுத்து எவ்வளவு நேரத்தில் நித்திரையாகிறாள் என்பது அடுத்தது.

“மூண்டாம் பத்து முடியேக்கை உன்ரை மூச்சு மாறும். அதுக்குப் பிறகுதான் நான் கண்ணை மூடுவன்.”

செபமாலைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. நிமிடக் கணக்கில் ஒன்றைப் பார்த்து நானே புள்ளடி போட்டேன். என் தாளில், இரவு முழுக்கப் போன் பக்கத்தில் இருக்குமா என்ற கேள்விக்கும் பெருமையாக ஓம் போட்டேன்.

பிறகு பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நித்திரை ஆராய்ச்சி செய்த பெண்மணி நல்லவர். யாரையும் குறை சொல்லவில்லை. வளரும் பிள்ளையின் நித்திரையைக் கெடுக்கிற முதல் சாமான் போன்தான், இரவில் அது அறைக்கு வெளியே இருக்கட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் போனில் இருப்பது யார் என்று அந்தப் பெண்மணியிடம் விளக்க எழும்பியபோது அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார்.

“படிச்ச மனுசி சொல்லுறா. உனக்கு நல்லதெண்டால் அப்பிடியே செய்வம்.”

அன்றிலிருந்து போன் குசினியில், ஃபிரிட்ஜுக்கு மேலே. ஒரு சின்னச் செபம், ஒரு குட் நைட், அவ்வளவுதான். இவ்வளவு லேசாக என்னை விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அந்த அறையில் என் மூச்சு மட்டும் கேட்டது. தனிமை என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பலநாள் அழுதேன்.

ஆனால் பதின்மூன்று வயது நித்திரைக்கு வெட்கம் இல்லை. சில வாரங்களில் அது தானாகவே வந்தது. அம்மாதான் மாறினார். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதுமே தூங்கி விழுந்தார். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல்கூட என் பக்கத்தில் சரிந்துவிடுவார். சிஞ்ஞோராவைவிட உங்களுக்கு வயது போய்விட்டது என்று நானும் அப்பாவும் கேலி செய்தோம். அம்மாவும் சிரித்தார்.

கோடை விடுமுறைக்கு முன் அதே தாள்கள் திரும்பவும் வந்தன. பழையபடி குசினியில் இருந்து வாசித்தேன். படுத்து எவ்வளவு நேரத்தில் நித்திரையாகிறாள் என்ற கேள்வி வந்ததும், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“நீயே போடு பிள்ளை. இப்ப எனக்குத் தெரியாதுதானே.”

நான் சந்தோஷமாக, ஆகக் குறைந்த நேரத்துக்குப் புள்ளடி போட்டேன். என் நித்திரை திருந்திவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பாராட்டினார்கள். அம்மா எப்போது கண்ணை மூடுகிறார் என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை. எனக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை.