ஸ்டேடியத்தைப் பெருக்கியவர்

சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கையில் நீளச் சீமாறு. கிருஷ்ணகிரி ஸ்டேடியத்தின் படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா, தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்.

சூளகிரிப் பக்கத்திலிருந்து என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். அவ்வளவு பெரிய மைதானத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. ஓடட்டும் என்று விசில் ஊதினேன். பிள்ளைகளோ வரிசையாக நின்று, குனிந்து, கிடந்த காகிதங்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள். தினமும் காலையில் பள்ளியில் என் விசிலுக்கு அவர்கள் செய்கிற வேலை அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, போட்டோ எடுத்தேன்.

அந்த அம்மா சீமாறைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பிள்ளைகளின் கையிலிருந்த காகிதங்களை வாங்கித் திரும்பவும் தரையிலேயே வீசினார்.

"இது என் வேல டீச்சர். இதுங்கள ஓட வுடுங்க."

கூசிப்போய், "ஓடுங்க" என்றேன். ஓடினார்கள். ஆனால் காகிதம் கண்ணில் பட்டபோதெல்லாம் நின்று, குனிந்து எடுத்துக்கொண்டு, மறுபடி ஓடினார்கள்.

அதைப் பார்த்ததும் அந்தத் தெலுங்குப் பேச்சு நின்றுபோனது. சீமாறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் அவசர அவசரமாகப் பெருக்கிக்கொண்டே அவரும் ஓடினார்.