முன்னறைக் காற்று

ஈப்போவில் நாங்கள் குடியேறிய மாடிவீட்டில் இரண்டே அறைகள். தெருவைப் பார்த்த முன்னறையில் காற்று அள்ளிக்கொண்டு போகும். சமையலறையை ஒட்டிய பின்னறையில் கொடியில் போட்ட துணிகூட அசையாது. முன்னறை தம்பிக்கு, பின்னறை எனக்கு என்று அப்பா முடிவு செய்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தம்பிக்கு இளைப்பு. எனக்கோ வெறும் வியர்வை. வியர்வைக்கு யார் இரக்கப்படுவார்கள்?

அப்பா தாப்பா பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டதால்தான் பட்டணத்துக்கு வந்தோம். புகையைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. கீழே தைப்பிங் போகும் பஸ்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். அம்மா சன்னல் கட்டையைத் துடைத்தால் துணி கறுத்துப் போகும்.

“பஸ் பொகை உள்ள வருதுங்க, சன்னல சாத்திரவா?” என்பார் அம்மா.

“சாத்தாத லா. காத்து வந்தா பொகை ஓடிப் போயிரும். பொகையிலயே நின்னவன் நான், எனக்குத் தெரியாதா?”

எதிரே எங்கள் வீட்டைவிடப் பல மடங்கு உயரமாக ஒரு ஹோட்டல் எழுந்தது. அது வந்த பிறகு காற்று கூடிவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மாலை தம்பி டிஷ்யூ தாளைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே போட்டான். துண்டுகள் கொஞ்ச தூரம் இறங்கின. பிறகு எங்கள் சுவரோரமாகவே மேலேறி வந்தன. ஒன்று அவன் மூக்கில் ஒட்டியது.

“அக்கா, இங்க பாரு! நான் கூப்ட்டா வருது!”

சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது. அம்மா இளைப்பு மருந்துப் பம்பை அவன் வாயில் வைத்து அடித்துவிட்டார். அப்பாவும் ஒரு தாளைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார். “பாத்தியா, எப்படித் தூக்கிக்கிட்டு வருது! இந்த மாதிரி காத்து யாருக்குக் கெடைக்கும்?” என்றார். அதன் பிறகு அந்தச் சன்னல் சாத்தப்படவே இல்லை. நான் பின்னறைச் சன்னல் வழியே போட்டுப் பார்த்த தாளோ நேரே சாக்கடையில் போய் விழுந்தது.

கட்டட வரைபடம் வரையும் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. எங்கள் கூரையைத் தாண்டிய காற்று எதிர்க் கட்டடத்தில் மோதிக் கீழே இறங்கி, தெருவைக் கடந்து, எங்கள் சுவரைப் பிடித்து மேலேறியிருக்கிறது. காகிதம் வந்த வழியில்தான் பஸ் புகையும் வந்திருக்கிறது.

தாளைப் பறக்கவிட்டு விளையாடிய அந்த வருடமே தம்பி போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அவனுடைய பம்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தத் தெரு இல்லாவிட்டால் அவன் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மனசு இன்னும் ஆறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா என் பாயைப் பின்னறையிலிருந்து எடுத்துவந்து, தம்பி படுத்த இடத்தில் விரித்தார்.

“நீயாச்சும் நல்ல காத்துல படும்மா,” என்றார்.

அழுதுகொண்டேதான் படுத்தேன். ஆனாலும் மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அதுவரை என்னைக் காப்பாற்றி வந்தது அந்தப் புழுங்கும் பின்னறைதான் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தனை நாளும் எனக்குக் கிடைக்காத காற்றை ஆசைதீர இழுத்தேன். அப்பா சன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தார்.