மச்சினன் வீட்டு ஃபயர்வால்

மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னதும், கிள்ளானில் நான் கட்டிய வீட்டின் மாடி அறைக்கு ஏர்கோன் போட்டேன். அவளோ தினமும் கொமுட்டர் ரயில் பிடித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் என் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"மாமா வீட்டுல ஃபயர்வால் இருக்குப்பா. அது இல்லாம கம்பெனி விடாது."

ஃபயர்வால் என்பது இன்டர்நெட்டுக்கு ஒரு ஜாகா, வாசல் காவலாளி மாதிரி. கண்டவனை உள்ளே விடாது. மச்சினன் வைத்திருந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. கடையில் வாங்கினான், செருகினான், அவ்வளவுதான். அதற்கே கல்யாண வீடுகளில் அவன் அளந்த அளப்பு! என் மகள் அவன் சாப்பாட்டு மேசையில் அவன் சமைத்த மீ கோரெங் நூடுல்ஸைத் தின்றுகொண்டு வேலை செய்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்களும் ஒண்ணு வாங்குங்க லா அத்தான். நானே வந்து மாட்டித் தரேன்," என்றான்.

இவன் எனக்கு மாட்டித் தருவதா? நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லோரி கழுவப் போனவன், இன்று லோரி முதலாளி. முதல் லோரியின் இன்ஜினை நானே பிரித்து நானே பூட்டினேன். ஒரு பெட்டிக்கா அவன் கையை எதிர்பார்ப்பேன்?

ஆபீஸில் தூங்கிய பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகி, இலவசமாகக் கிடைக்கும் ஃபயர்வாலை அதில் ஏற்றினேன். மகள் சோதித்துப் பார்த்தாள்.

"மாமாவோடதவிட இது நிறைய செய்யுதுப்பா!"

உடனே மச்சினனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அவள் மாடியில் உட்கார்ந்து வேலை செய்தாள்.

மத்தியானம் இடி இடித்தது. இடி என்றால் என் மனைவி வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். இங்கே பெய்யும் மழைக்கு அதுதான் சரி. ஒரு மின்னல் போதும், மோடம் கரியாகிவிடும். மழை விட்டதும் திரும்பச் செருகினாள். டிவி வந்தது, மோடம் வந்தது, என் ஜாகா எழுந்திருக்கவில்லை. நான் போர்ட் கிள்ளானில் லோரி யார்டில் இருந்தேன்.

"அப்பா, மீட்டிங் பாதியில நிக்குது! எதை அழுத்தணும்?"

ஓடிப் போய்ச் சரிசெய்தேன். மறுநாளும் இடி. பிடுங்கின பிடுங்கலில் இந்த முறை உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போனது.

"என் தம்பி பெட்டிய எத்தன தடவ பிடுங்கினாலும் தானா எழுந்துக்குது," என்றாள் மனைவி. அதை என்னிடம் சொல்லவேண்டுமா?

"பேட்டரி வச்சிடறேன்மா," என்றேன் மகளிடம்.

"நீங்க செஞ்சது நல்லாதான் இருக்குப்பா. ஆனா நீங்க யார்டுல இருக்கறப்ப கெட்டுப்போனா யார் பாக்கறது? இன்னொரு தடவ மீட்டிங் நின்னா மேனேஜர் தினமும் ஆபீஸுக்கு வரச் சொல்லிடுவாரு."

கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொமுட்டருக்குத்தான்.

அன்றே கடைக்குப் போனேன். பெட்டி வாங்கினேன், மச்சினனுடையதைவிட ஒரு சைஸ் பெரியது. நானே மாட்டினேன்.

இப்போது அவள் மாடியில்தான் வேலை செய்கிறாள். பெட்டியில் ஏதாவது சந்தேகம் வந்தால் மாமாவுக்குத்தான் போன் போடுகிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை. படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். பேசட்டும். என் வீட்டில் உட்கார்ந்துதானே பேசுகிறாள்.