பிரேக்குக்கு அடியில் பூனை

தெருவில் அவளைக் கண்ணாடிக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்பக்கத்துச் சின்ன அறையில் அவளுக்கு வேலை. லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள், கடுகளவு திருகுகளை முடுக்குவாள். அந்த வேலையில் கை நடுங்காது. மற்ற எதற்கும் நடுங்கும். லிஃப்டில் ஏற மாட்டாள். வெளியே கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கேஸ் அடுப்பைப் பார்ப்பாள். இடி இடித்தால் போனை அணைத்துவிடுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் துணைக்கு ஒரு சாம்பல் நிறப் பூனை. எந்த வேலையும் செய்யாமல், உயரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுடைய பெரியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, கூட இருந்து பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆளில்லை. பக்கத்து வீட்டில் பூனையை விடலாமென்றால் அங்கே ஒரு நாய். வேறு யாரிடம் விட்டாலும் சாப்பிடாமல் கிடந்தே செத்துவிடும் என்று இவளுக்கு நிச்சயம். ஆகவே மேனேஜரும் வரவேண்டியதாயிற்று. தம்பி தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பூனை டாக்டரிடம் போய்க் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். மூச்சு முட்டுமா? வாந்தி எடுக்குமா? பயத்திலேயே இதயம் நின்றுவிடுமா? டாக்டர் பொறுமையான மனுஷி. "அதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பெட்டியை இப்பவே கூடத்துல திறந்து வைங்க. அதுவே போய்ப் படுத்துப் பழகட்டும். உங்க பழைய சட்டை ஒண்ணை உள்ள போடுங்க, வாசனை தெரிஞ்சா தைரியமா இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொடுக்காதீங்க. முக்கியமா, கார் ஓடும்போது வெளிய எடுக்கவே கூடாது. எவ்வளவு கத்தினாலும் சரி" என்றார்.

அவள் ஒன்று விடாமல் செய்தாள். கம்பிக்கதவு வைத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்கினாள். பூனையின் கழுத்துப் பட்டையில் தன் போன் நம்பரை எழுதினாள். கிளம்பும் நாள் காலையில் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டை அதன்மேல் சுற்றி மாட்டி, ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன்க்கா, எனக்கு மாட்டலையே ஒரு பெல்ட்டு" என்றான் தம்பி. அவன் எதையும் சிரித்தே தள்ளுகிறவன்.

மலை ஏற ஆரம்பித்ததும் இவள் கேட்டாள்: "டேய், திடீர்னு பிரேக் பிடிக்கலேன்னா என்ன பண்ணுவ?"

"வாயை மூடிட்டு வாக்கா."

"சொல்லுடா."

"கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப்பக்கமா ஒதுங்கி உரசி நிறுத்துவேன். போதுமா?"

போதவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் திரும்பக் கேட்டாள். அவனும் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தான். மேனேஜர் பெட்டிக்குள் வாயை மூடாமல் கத்தியது.

உச்சியில் ஒரு டீக்கடை. இவள் முகம் கழுவப் போன நேரத்தில், கத்துகிற பூனைமேல் தம்பிக்கு இரக்கம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து அரை பிஸ்கட்டைப் போட்டுவிட்டு மூடினான். கதவில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. கீழே இருந்ததை அவன் கவனிக்கவில்லை. இவளிடம் சொல்லவும் இல்லை, சொன்னால் திட்டு விழும்.

இறக்கம் ஆரம்பித்தது. இடது பக்கம் மலை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை. பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். துண்டை முகத்தில் போர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கத்தல் நின்றிருந்தது. தூங்கிவிட்டது போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்தாள்.

"அக்கா! கால்ல என்னமோ..."

தம்பியின் குரலில் சிரிப்பு இல்லை. அடுத்த நொடி காருக்குள் ஒரு அலறல். பூனையின் அலறல் அப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. துண்டை எடுத்தாள். பெட்டியின் கதவு கீழ்ப்பக்கம் விலகிக் கிடந்தது. உள்ளே அவளுடைய சட்டை மட்டும் இருந்தது.

"பிரேக் அமுங்கலக்கா! அடியில போய் மாட்டிக்கிச்சு!"

அவன் காலால் மிதித்தான், பூனை கத்தியது, காலை எடுத்தான், வண்டி வேகம் பிடித்தது. எதிரே வளைவு. கீழேயிருந்து ஏறி வந்த லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தான். காலையிலிருந்து அத்தனை முறை ஒப்பித்தானே, அதில் ஒரு சொல்கூட அவன் நினைவில் இல்லை.

இவளுக்கு இருந்தது. "கியரைக் குறைடா! ஹேண்ட் பிரேக்கை இழு! மெதுவா, மெதுவா! மலைப்பக்கம் போ!"

சொல்லிக்கொண்டே தன் பெல்ட்டைக் கழற்றி, முன்சீட்டுகளின் நடுவே தலைகுப்புறப் பாய்ந்தாள். அவன் முழங்காலைத் தாண்டிக் கையை விட்டுத் துழாவினாள். ரோமம் தட்டுப்பட்டது. பிடரியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் அவள் கட்டைவிரல் அடியில் பல்லை இறக்கியது. எலும்பு வரை போனது போல வலித்தது. விடவில்லை. பூனை பிடுங்கிக்கொண்டு வந்தது, பிரேக் அமுங்கியது, காரின் இடது பக்கம் முழுக்கப் பாறையில் தேய்ந்து கிறீச்சிட்டு, வண்டி நின்றது. லாரி அவர்களைக் கடந்து மேலே போனது.

பிறகு தம்பி கதவைத் திறக்கக் கையை நீட்டினான்.

"திறக்காதே!"

வாழ்நாளில் அவள் அப்படி யாரையும் அதட்டியதில்லை. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. "திறந்தா அது ஓடிடும்டா. பள்ளத்துல விழுந்துடும். கண்ணாடியை ஏத்து. அந்தத் துண்டை எடு."

பூனையைத் துண்டில் சுருட்டிப் பெட்டிக்குள் விட்டு, இரண்டு கொக்கியையும் மாட்டினாள். அதன் பிறகுதான் அவளுக்கு நடுக்கம் பிடித்தது. கையிலிருந்து ரத்தம் வழிந்து சீட்டெல்லாம் ஆகியிருந்தது. தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறினான்.

"நான்தான் திறந்தேன்க்கா. டீக்கடையில. பாவமா இருந்துச்சு" என்றான்.

அவள் திட்டவில்லை. "வண்டியை எடு. மெதுவாப் போ" என்றாள். மீதி இறக்கம் முழுக்க ஒரு கையை மடியிலும் மறு கையைக் கம்பிக்கதவின்மேலும் வைத்திருந்தாள். உள்ளே மூச்சு விடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

பெரியக்கா வீட்டை அடைவதற்குள் கை புறங்கை வரை வீங்கிவிட்டது. மருத்துவமனையில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவி, ஊசி போட்டு, பெரிய கட்டாகப் போட்டு அனுப்பினார்கள். பூனைக்கு முன்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் புகுந்ததுதான், சோறு வைத்தாலும் ஆள் நகர்ந்த பிறகே வந்து தின்றது.

"எனக்கு ஒத்தாசைக்கு வந்தியா, இல்ல நான் உனக்கா?" என்று படுத்தபடியே பெரியக்கா சிரித்தாள். இவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் வேறு பயம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை. திருகு முடுக்கும் விரல் அது. யாரும் பார்க்காதபோது போர்வைக்குள் அதை மடக்கி மடக்கிப் பார்ப்பாள். பெரியக்கா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த சமயத்தில்தான் அது ஒருவழியாக மடங்கியது. இன்றும் குளிர்காலத்தில் குடைகிறதாம்.

திரும்பும்போது தம்பி வந்து அழைத்துப்போகிறேன் என்றான். கெஞ்சவே செய்தான். "உன்மேல கோபமில்லடா. என்னால அந்த இறக்கத்தை இன்னொரு தடவை பார்க்க முடியாது" என்று ரயிலில் கிளம்பிவிட்டாள். சுற்று வழி, நாள் முழுக்கப் பயணம். பெட்டியை மடியில் வைத்து, ஒரு துணியால் மூடியிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், "ஐயோ, மூஞ்சியைக் காட்டுங்களேன், ஒரு தடவை எடுத்துக் கொஞ்சிட்டுத் தர்றேன்" என்றாள்.

"வீட்டுக்கு வாங்க, கொஞ்சலாம். இங்க திறக்க மாட்டேன்" என்றாள் இவள். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி குலுங்கி நின்றபோது பெட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். மேனேஜர் நிம்மதியாகத் தூங்கியது. அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஊர் வந்து இறங்கி, கூட்டம் கலைந்ததும், பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். போர்ட்டர் ஒருவர் ஓடி வந்து, "என்னம்மா, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, ஒண்ணும் தொலையல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள்.