கீழே இறங்கிய தண்ணீர்

சென்ற வாரம் ஒரு மத்தியானம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா காலேஜிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு என்று நினைத்தேன். "உடம்பு சரியில்லையாம்மா?" என்றேன்.

"இல்லீங்க அங்கிள்... எல்லாம் சிங்க்ல போயிடுச்சு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டெல்லா திருச்சியில் ஒரு காலேஜில் பிஎச்.டி. செய்கிறாள். செல்களை ஒரு திரவத்தில் வளர்க்கிறாள். அவை அதற்குள் ஒரு புரதத்தை விடுகின்றன. லிட்டர் கணக்கில் திரவம், அதில் துளியூண்டு புரதம். தண்ணீரை வடிகட்டி எடுத்து, புரதத்தைக் கெட்டியாக்கினால்தான் அடுத்த வேலை.

நம் வீட்டுக் காபி ஃபில்டரில் கீழே இறங்குவது நமக்கு. மேலே தங்குவது குப்பை. லேபில் தலைகீழ். புரதம் மேலே தங்கும், கீழே இறங்கும் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அதற்கு ஃபில்டரின் ஓட்டை புரதத்தைவிடப் பொடியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃபில்டர் வாங்கும்போது இவள் பொடி ஓட்டைதான் கேட்டிருக்கிறாள். ஆனால் மற்ற லேப்காரர்களின் புரதம் பெரிய சைஸ். துறைத் தலைவர் நல்ல மனிதர், அதட்டக்கூடத் தெரியாதவர். "ஒண்ணு வாங்கினா எல்லாருக்கும் பொதுவா ஆகும்மா. பெரிய ஓட்டைன்னா சீக்கிரமும் இறங்கும். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்" என்றாராம்.

அட்ஜஸ்ட்! இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தானே நம் ஊரில் பஸ் சீட்டிலிருந்து கல்யாணம் வரை ஓடுகிறது? யார் அட்ஜஸ்ட் செய்வது என்பது மட்டும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

அவளும் செய்தாள். பெரிய ஓட்டையில் விட்டால் அவளுடைய புரதம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். இறங்கட்டும்... வேண்டாத பெரிய சரக்காவது மேலே நிற்குமே! கீழே வருவதை கேனில் பிடித்து, பொடி ஓட்டை ஃபில்டர் இருக்கும் இன்னொரு காலேஜுக்கு எடுத்துப் போக ஏற்பாடு செய்திருந்தாள்.

மெஷினை ஓடவிட்டுச் சாப்பிடப் போனாள். பக்கத்து மேஜை நஸ்ரின் — இவளுக்கு உயிர்த்தோழி — கேன் நிரம்பியதைப் பார்த்திருக்கிறாள். இவள் அன்றைக்கு மாற்றிச் செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த லேபில் கீழே வருவது என்றால் கழிவு. பார்த்தவர்கள் ஊற்றிவிடுவது வழக்கம். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. நஸ்ரினும் ஊற்றி, கேனைக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிட்டாள்.

"'உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான்டி ஊத்தினேன்'னு சொல்லிச் சொல்லி அழுதா அங்கிள். அவளை என்னன்னு திட்டுறது?"

"மறுபடி வளர்க்க முடியாதா?"

"முடியும். மாசக்கணக்கா ஆகும். ஸ்காலர்ஷிப் இந்த மாசத்தோட முடியுது. அப்பா உப்பிலியபுரத்துக்கே வந்துடச் சொல்றாரு. அங்க ஒரு ஸ்கூல்ல வேலை இருக்காம்."

யார்மேலாவது கோபப்படலாம் என்றால் ஆள் அகப்படவில்லை. தலைவர் நல்லவர். தோழி நல்லவள். இவளோ சொன்னபடி கேட்டவள். வில்லனே இல்லாமல் ஒரு பெண்ணின் பல வருஷ உழைப்பு சாக்கடைக்குப் போய்விட்டது.

நேற்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தலைவரிடமிருந்து போன். ஊருக்குப் போவதற்கு முன், அந்த ஃபில்டரை எப்படிக் கழுவி வைப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டுமாம்.

"சரிங்க சார்" என்றாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, காலேஜுக்குப் போக சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

ஃபில்டர் எல்லாருக்கும் பொது. போனது மட்டும் அவளுடையது.