மாங்காய் இல்லாத தீவு

உலகப் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எங்கள் ஏரியில் நடந்த தரையிறக்கத்தைக் குறிப்பிடுவதில்லை. அதில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுமாகப் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். ஏரியைத் தூர்வாரியபோது நடுவில் கொட்டிய மண் மேடாகி, அதில் கருவேல மரங்கள் மண்டிவிட்டன. மழைக்காலம் போனதும் மேட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அதுதான் தீவு.

போர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணறு பொது. த்ரீ பேஸ் கரண்ட் வந்த நேரம் மோட்டார் போட யாருடைய முறை என்று கிளம்பிய தகராறு, வரப்பில் கடப்பாரையை ஓங்குகிற வரை போனது. “அந்த ஊட்டு வாசப்படிய எவனாவது மிதிச்சீங்க, கால ஒடச்சிடுவேன்” என்று அப்பா பிரகடனம் செய்தார். சித்தப்பாவும் தன் வீட்டில் அதையே சொன்னதாகக் கேள்வி. இதில் ஒரு சிக்கல். அண்ணனும் தம்பியும் கட்டியிருந்தது அக்கா தங்கையை. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கைதான் சித்தி. ஆனால் போர்க்காலத்தில் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

என் அக்கா திண்டிவனத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். என்.சி.சி. வேறு. அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டால் என்னைத் தம்பியென்றே மதிக்கமாட்டாள். ஒருநாள் ஏரியில் உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் மேல் நின்றவள், சித்தியின் பச்சைப் புடவை தீவு மரங்களுக்குள் மறைவதைப் பார்த்துவிட்டாள்.

“டேய், எதிரி தீவுல முகாம் போட்டுட்டாங்கடா. நாம புடிச்சே ஆவணும்.”

“புடிச்சி?”

“புடிச்சா அப்பா ஜெயிச்ச மாதிரி. இதுகூடத் தெரில, நீயெல்லாம் இன்னாடா சிப்பாயி?”

தீவைப் பிடிப்பதில் சண்டை கடைசி வேலை, அதற்கு முன்னால் வேவு, உணவு வழங்கல், குண்டுவீச்சு எல்லாம் உண்டு என்றாள் தளபதி. வேவு பார்க்கப் புளியமரத்தில் ஏற்றப்பட்டேன். சிவப்பெறும்புகள் என்னை வேவு பார்த்தன. உணவு வழங்கலுக்கு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை நிறைய என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. படை கிளம்பும் முன்பே அது வழங்கப்பட்டுவிட்டது, எனக்கே. குண்டுவீச்சுக்கு உண்டிவில். நான் அடித்த கற்களில் ஒன்றுகூடத் தீவு வரை போகவில்லை. கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய லாரி ட்யூப்தான் எங்கள் கப்பல்.

தீவின் பின்பக்கம் முழங்கால் தண்ணீர்தான், நடந்தே போகலாம் என்பது எங்கள் உளவுத்துறைக்கு அதுவரை தெரியாது.

ஒரு மத்தியானம் தளபதி கரையில் நின்றுகொள்ள, படை ட்யூபில் மிதந்து போனது. கரையேறிய முதல் அடியிலேயே காலில் முள். கத்தக்கூடாது என்பது உத்தரவு. கண்ணில் நீர் வழிய, மரங்களுக்கிடையே நொண்டிக்கொண்டே போனேன்.

எதிரி இருந்தாள். பக்கத்தில் அம்மா இருந்தாள்.

புல் அறுக்கப் போகிறேன் என்று கிளம்பியவள் மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, சித்திக்குப் புளிச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா துன்னுடி. எவன் புடுங்கிக்கினு போறான்?”

“சோறு எறங்கலக்கா. ஒரு மாங்கா இருந்தா தேவலாம்.”

“மாங்காய்க்கு நான் எங்கடி போவேன்? உங்க மாமாகிட்ட கேட்டா யாருக்குன்னு கேப்பாரு. கல்யாணமாயி ஆறு வருசம் கழிச்சி உண்டாயிருக்க, ஒரு மாங்கா வாங்கித் தர வக்கில்ல எனக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் சித்தி எழுந்து போய் வாந்தி எடுத்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா நம் பக்கத்து ஒற்றர். சோற்றில் விஷம் வைத்திருக்கிறாள். வாந்தியெடுத்த சித்தியின் தலையை அம்மா பிடித்துக்கொண்டதுதான் எந்த யுத்தத் தந்திரத்திலும் சேரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கப்பலிலும் முள் ஏறியிருக்க வேண்டும். கரையிலிருந்து புஸ்ஸென்று பெரிய சத்தம். இருவரும் திரும்பினார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி என் காலைத் தன் மடியில் வைத்து முள்ளை எடுத்தாள். சித்தி என் கன்னத்தைத் தடவி, “எளைச்சிட்டாங்க்கா புள்ள” என்றாள். ஒரு பை மல்லாட்டை உள்ளே இருந்த நேரம் அது.

“அப்பாகிட்ட சொல்லிடாதடா சாமி” என்றாள் அம்மா. “சொன்னா அப்புறம் உங்க சித்திய நான் பாக்கவே முடியாது.”

விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா காட்டிய பின்பக்க வழியில் நடந்தே கரைசேர்ந்து தளபதியிடம், தீவில் எதிரி இல்லை என்று அறிக்கை கொடுத்தேன்.

சாயங்காலம் ஈர டவுசரும் செத்த ட்யூபுமாக அப்பாவிடம் மாட்டினேன்.

“எங்கடா போன?”

“தீவுக்கு.”

“அங்க யார்ரா இருந்தது?”

பிடிபட்ட வீரன் வாயைத் திறக்கக்கூடாது. “யாரும் இல்லப்பா. முள்ளுதான் இருந்திச்சி.”

“வேற?”

“வேற ஒண்ணுமே இல்ல. ஒரு மாங்கா கூட இல்ல.”

அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கருவேல மரத்துல ஏதுடா மாங்கா?” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எவ்வளவு விசாரித்தும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே ஒரு பதக்கம் கொடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை போட்டுவிட்டு வந்த அப்பா, ஒரு பை மாங்காயைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். புத்தம் புதுசு, காம்பில் பால் காயாதவை. அம்மாவுக்குப் பல் கூசும், தொடமாட்டாள். அக்காவுக்கும் எனக்கும் தொண்டை கட்டும் என்று தடை. அடுத்த வாரமும் ஒரு பை வந்தது. அதற்கடுத்த வாரமும்.

“யாரும் துன்னாத ஊட்ல எதுக்கு இது?” என்று அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வாங்கியாச்சி, வீணாப் போவுது. புல்லறுக்கப் போறப்போ ஏரிப்பக்கம் எங்கியாவது எடுத்துக்கினு போயி போட்டுட்டு வா” என்றார் அப்பா, அவரும் அம்மாவைப் பார்க்காமல்.

அம்மா பையை எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டு கிளம்பினாள்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவ்வளவு நல்ல மாங்காயை வாரா வாரம் காசு கொடுத்து வாங்கி வந்து, ஏரியில் போடச் சொல்கிறாரே இந்த மனிதர், எப்படி உருப்படும் இந்தக் குடும்பம் என்று.